பாம்பு வளர்க்க எவ்வளவு மெனக்கெட வேண்டும்? புதுச்சேரிக் கணக்கே வேறு

பாம்பு வளர்ப்பதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு ஓடுகிறது. ஒரு கூட்டம், "அதெல்லாம் சுலபம்ங்க, தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டாம், முடி கொட்டாது, குரைக்காது, வாரம் ஒரு எலி போட்டால் வேலை முடிந்தது" என்கிறது. இன்னொரு கூட்டம், அதற்கென்று தனி அறை, விளக்கு, மீட்டர், மெஷின் என்று லட்சக்கணக்கில் கொட்டினால்தான் முடியும், நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது என்கிறது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாம்பு நம்மிடம் கேட்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை அளவு பிசகாமல் கேட்கும், வருஷம் முழுக்கக் கேட்கும், கிடைக்காவிட்டால் சத்தமே போடாது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கே தெரிந்துவிடும். பாம்புக்கு ஒரு கோளாறு தொடங்கி அது நம் கண்ணில் படுவதற்குள் சில மாதங்கள்கூட ஓடிவிடும்.

இதில் நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாம்பு வளர்ப்புக் குறிப்புகள் என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியவை. வெளியே பனி கொட்டும்போது பெட்டிக்குள் எப்படிச் சூடேற்றுவது என்பதுதான் அவர்கள் கவலை. அக்னி நட்சத்திரத்தில் லாஸ்பேட்டை மாடி வீட்டிலோ, கடலூர் மஞ்சக்குப்பத்திலோ ஒரு பாம்பை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று அவர்கள் ஏன் எழுதப்போகிறார்கள்? அந்தக் குறிப்பை அப்படியே பார்த்து இங்கே சாமான் வாங்கினால் தேவையில்லாதது எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும், தேவையான ஒன்றிரண்டு வராது.

சாமானைப் பற்றிப் பேசுவதற்கு முன் எந்தப் பாம்பு என்பதை முடித்துவிடலாம், ஏனென்றால் பலருக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விஷமுள்ளது, விஷமில்லாதது என்றெல்லாம் பார்ப்பதில்லை. வயலில் பிடித்த சாரை, வாய்க்காலில் கிடைத்த தண்ணீர்ப் பாம்பு, செங்கல் குவியலில் இருந்த மண்ணுளி எதையும் தொட்டியில் போட்டு வளர்க்க முடியாது. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, மாட்டினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. "நான் துன்புறுத்தவில்லையே, நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறேன்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. எடுபடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். காட்டில் பிறந்து வளர்ந்த பாம்பு பெட்டிக்குள் பெரும்பாலும் தேறுவதில்லை. இரை எடுக்க மறுக்கும், மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் புழுக்கள் அடைபட்ட நெருக்கடியில் பெருகும்.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை போகிற வழியில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. பாம்பைப் பற்றி இருளர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்று தைரியமாகச் சொல்லலாம். 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களே அரசு உரிமத்தோடு பிடித்த பாம்பை வாய் துணியால் கட்டிய மண்பானையில் சுமார் மூன்று வாரம்தான் வைத்திருக்கிறார்கள், விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களே மூன்று வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பதை, சாரைக்குட்டியைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வரும் பையன்களிடம் நான் முதலில் சொல்வேன்.

அப்படியானால் மிச்சம் இருப்பது வெளிநாட்டுப் பாம்புகள். நடைமுறையில் இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி காதில் விழும். ஒன்று பால் பைத்தான் (இந்த 'பால்' ஆங்கிலத்தில் பந்து), ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்பு, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், மூன்றிலிருந்து ஐந்து அடி வளரும். இன்னொன்று கார்ன் ஸ்நேக், அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, நம் சாரையை விடச் சின்னது, ஒல்லி, துறுதுறு. இரண்டுக்கும் விஷம் இல்லை. பால் பைத்தான் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2022 சட்டத் திருத்தத்துக்கும் 2024-இல் வந்த விதிகளுக்கும் பிறகு அதை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். முட்டை பொரித்துக் குட்டி வந்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்காக எங்கிருந்து வந்தது என்ற காகிதமே இல்லாமல் வாங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. பாங்காக்கிலிருந்து வரும் பயணியின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்த குட்டிப் பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவதை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். பிடிபடாமல் தப்பியவை எங்கே போயிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். காகிதம் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, காகிதம் உள்ள பாம்பே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன வேண்டும்?

முதலும் முக்கியமும் சூடு. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். தின்ற எலி செரிக்க வேண்டுமா, வெயிலில் சுட்ட இடத்துக்குப் போகும். உடம்பு சூடேறிவிட்டதா, நிழலுக்கு நகரும். சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை வயிற்றில் செரிக்காமல் அழுகி வெளியே வந்துவிடும், நோயை எதிர்க்கும் சக்தியும் விழுந்துவிடும். ஆகவே பெட்டிக்குள் ஒரே சூடு இருந்தால் போதாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், நடுவில் எங்கே படுப்பது என்பதைப் பாம்பு முடிவு செய்யும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் சுமார் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனையில் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குக் குளிர்ந்த முனை இன்னும் கொஞ்சம் கீழே, 22 முதல் 24 இருந்தால் நல்லது.

இந்த எண்களை நம் ஊர் வானிலையோடு வைத்துப் பாருங்கள். மார்கழி, தை இரவில் புதுச்சேரியில் 21, 22 டிகிரிக்கு இறங்கும். அந்தச் சில வாரங்களுக்குத்தான் இரவில் நிஜமாகவே சூடேற்ற வேண்டியிருக்கும். மற்ற மாதங்களில் பால் பைத்தானின் சூடான முனைக்கு வேண்டியதைப் பகலில் ஊரே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. தட்டுப்பாடு குளிர்ந்த முனைக்குத்தான். மே மாதத்தில் வெளியே 38, 40 டிகிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பன்னிரண்டு மணி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் இருக்கும் பெட்டியின் இரண்டு முனையும் 35, 36-இல் நின்றுவிட்டால், பாம்புக்கு ஒதுங்க இடமே இல்லை. குளிரில் அது மந்தமாகிக் கிடக்கும், நாட்கணக்கில் தாங்கும். அதிகச் சூட்டை அப்படித் தாங்காது, 38, 40 டிகிரியில் அடைபட்டால் செத்தே போகும். நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது என்றால் "பாருங்க, குளிக்கப் பிடிக்குது" என்று படம் எடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பெரும்பாலும் சூடு தாங்காமல்தான் அங்கே கிடக்கும், இல்லாவிட்டால் செதிலுக்கடியில் உண்ணி இருக்கும்.

அதனால் இங்கே நீங்கள் வாங்க வேண்டிய முதல் சாமான் விளக்கு இல்லை, இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதையும் பாம்பு வருவதற்கு முன்னாலேயே வாங்கி, எந்த அறையில் பெட்டியை வைக்கப் போகிறீர்களோ அந்த அறையில், தரை மட்டத்தில், ஒரு கோடை முழுக்க வைத்துப் பாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிற சின்ன மீட்டர் போதும். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவர், தடித்த பழைய செங்கல் வீடு என்றால் பாதிக் கவலை விட்டது. மாடி அறைதான் இருக்கிறது என்றால் ஏசி இல்லாமல் கோடையை ஓட்ட முடியாது, அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இதற்கு நேர்மாறாக, 20 வாட் ஹீட் மேட் (கரண்டில் சூடேறும் தட்டையான பாய்) ஒன்று இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்குப் பதினைந்து யூனிட்டைத் தாண்டாது. செலவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறதா? அறையை ஏசியில் 26-இல் வைத்து, பெட்டியின் ஒரு முனையை மட்டும் ஹீட் மேட்டால் 32-க்கு ஏற்றுவது, கேட்க விசித்திரமாக இருந்தாலும், நம் கடற்கரைக்குச் சரியான ஏற்பாடு இதுதான்.

ஹீட் மேட்டோ செராமிக் ஹீட்டரோ எது வாங்கினாலும் தெர்மோஸ்டாட், அதாவது சூடு குறித்த அளவைத் தொட்டதும் கரண்டை நிறுத்தும் கருவி, இல்லாமல் பிளக்கில் செருகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. முத்தியால்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஒரு பால் பைத்தானைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். மேலே பார்த்தால் பளபளவென்று ஒரு குறையும் இல்லை. வயிற்றுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் செதில்கள் தீய்ந்த தோசை நிறத்தில், ஓரம் தூக்கிக்கொண்டு, நடுவில் இரண்டு இடத்தில் நீர் கோத்து நின்றன. தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை நேராகச் செருகியிருந்தார், மேட்டுக்கு மேலே விரித்திருந்தது ஒற்றைத் தாள் செய்தித்தாள். ஏன் நகர்ந்து போகவில்லை என்று அவர் கேட்டார். ராத்திரி ஏசியில் மற்ற இடமெல்லாம் குளிர்ந்துபோனால் சூடு கிடைக்கிற ஒரே இடத்தை விட்டுப் பாம்பு நகராது, வயிறு வெந்துகொண்டிருந்தாலும் நகராது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனை பாம்பு படுக்கிற இடத்திலேயே, மேட்டை ஒட்டி இருக்க வேண்டும், பெட்டிச் சுவரில் எங்கோ தொங்கவிடுவதில் பிரயோசனம் இல்லை. கடைகளில் 'சூட்டுக் கல்' என்று ஒன்று விற்பார்கள், உள்ளே கம்பி ஓடும் செயற்கைப் பாறை. அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது ஈரப்பதம். இங்கே கடல் நமக்கு உதவுகிறது, சில மாதம் உபத்திரவமும் செய்கிறது. பால் பைத்தானுக்கு 60, 70 சதவீதம் வேண்டும். குளிர் நாட்டில் தினமும் தண்ணீர் தெளித்துத் தெளித்து வரவழைக்கிற இந்த அளவு நம் கரையோரக் காற்றில் தானாகவே இருக்கிறது. ஏசி போட்டால் மட்டும் காற்று உலர்ந்துவிடும், அப்போது ஈரமான பாசி அல்லது நார்த்தூள் போட்ட மூடிய டப்பா ஒன்றை, நுழைய ஓட்டை வைத்து, உள்ளே வைத்தால் போதும். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 சதவீதமே போதும், அதற்கு ஐப்பசி, கார்த்திகைதான் சோதனைக் காலம். வாரக்கணக்கில் காற்றில் 80, 90 சதவீத ஈரம், அதோடு பெட்டிக்குள் காற்றோட்டமும் இல்லாவிட்டால் விரிப்பு நனைந்தே கிடக்கும், வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். மூச்சுக் கோளாறும் அப்போதுதான் வரும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பது, மூக்கோரம் குமிழி, மூச்சு விடும்போது கரகரவென்ற சத்தம் என்று எது தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்பதை எந்த மீட்டரையும் விடப் பாம்புச் சட்டையே நன்றாகச் சொல்லிவிடும். சட்டை உரிக்கும் முன் கண் பால்நீலமாக மங்கும், நிறம் வெளிறும், அந்த நாட்களில் தொட வேண்டாம், இரையும் வேண்டாம். உரித்து முடித்ததும் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக இருக்க வேண்டும், தலைப் பக்கத்தில் கண் இருந்த இரண்டு இடத்திலும் சின்ன, வட்டமான, கண்ணாடிபோலத் தெளிந்த மூடிகள் சட்டையோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது, அந்த மூடிதான் கண்ணுக்குக் காவல். சட்டை துண்டு துண்டாக வந்திருந்தால், அல்லது அந்த இரண்டு வட்டத்தில் ஒன்று இல்லையென்றால், பழைய மூடி கண்ணின் மேலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். இடுக்கியால் பிய்க்கப் போய்க் கண்ணையே கெடுத்தவர்கள் உண்டு. ஈர டப்பாவில் சில மணிநேரம் இருக்க விட்டு, அடுத்த சட்டையோடும் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

பெட்டியைப் பற்றி நிறைய சண்டை உண்டு. வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் டிராயர்களில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, செய்தித்தாள் விரித்து, ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்து வளர்க்கிறார்கள். பாம்பு அதிலும் இரை எடுக்கிறது, முட்டையிடுகிறது, "அதற்கு இடுக்கில் இருப்பதுதான் பிடிக்கும்" என்பது அவர்கள் வாதம். பாம்புக்கு இடுக்கு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பகலில் இடுக்கில் கிடக்கிற அதே பால் பைத்தான் இரவில் நீட்டி ஊர்கிறது, வாகான கிளை இருந்தால் ஏறவும் செய்கிறது. உடம்பை ஒருமுறைகூட முழு நீளத்துக்கு நீட்ட முடியாத இடத்தில் வாழ்நாளையே கழிக்க வைப்பதை நல்ல பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வளர்ந்த பாம்புக்குக் குறைந்தது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதுதான் இப்போது அக்கறையுள்ளவர்கள் சொல்லும் அளவு. பிவிசி பலகையில் நம் ஊர் ஆசாரியிடமே செய்து வாங்கலாம். பிளைவுட் இந்தக் கடல் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

உள்ளே ஒளிய இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், ஒளிவதா உடம்புச் சூட்டைச் சரிசெய்வதா என்று பாம்பு இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டையோடெல்லாம் தேவையில்லை. வாயோரம் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மழுக்கி வைத்தால் அதைவிட நல்ல மறைவு கிடையாது. விரிப்புக்குத் தேங்காய் நார்த்தூள், நன்றாக அலசி உப்பு போக்கியது, நம் பக்கத்தில் எந்த நர்சரியிலும் கிடைக்கும். முதல் சில வாரம் மட்டும் வெறும் தாள் விரியுங்கள், உண்ணியும் கழிவின் நிறமும் அப்போதுதான் கண்ணில் படும். புறஊதா விளக்கு கட்டாயமா என்றால், இல்லாமலே பல தலைமுறைப் பாம்புகள் வாழ்ந்திருக்கின்றன. இருந்தால் நல்லது, மெல்லிய ஒன்று போதும். அந்த அறையில் கொசுவத்தியும் பூச்சிமருந்து ஸ்ப்ரேயும் வேண்டவே வேண்டாம்.

பூட்டு இல்லாத பெட்டி பெட்டியே இல்லை. தலை நுழைகிற இடுக்கு போதும், உடம்பு பின்னாலேயே வந்துவிடும். நம் ஊரில் ஒரு பாம்பு தப்பிப் பக்கத்து வீட்டுக் கழிவறையில் தலைகாட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. அது விஷமில்லாத ஆப்பிரிக்கப் பாம்பு என்று நீங்கள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கம்பு இறங்கிவிடும். அடிப்பவரைக் குறை சொல்லவும் முடியாது, விரியனும் கட்டுவிரியனும் உள்ள ஊர், அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது.

சாப்பாடு. பாம்பு முழு விலங்கைத்தான் தின்னும், எலும்பு, ஈரல், குடல், ரோமம் எல்லாம் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் மிச்சமான கோழித் துண்டைப் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் மெல்ல மெல்லக் கெடும். பால், முட்டை பற்றிக் கேட்கிறார்கள். பாம்பு பால் குடிக்காது, அதைச் செரிக்கும் வகையும் அதன் உடம்பில் இல்லை. பிடாரன் கூடையிலிருந்து எடுக்கும் பாம்பு பாலை உறிஞ்சுகிறது என்றால் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருக்கிறார் என்று பொருள். ஆடியில் புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் வழிபாடு, அது வேறு. வீட்டில் வளரும் பாம்புக்குக் குடிக்க, அவ்வப்போது மாற்றிய சுத்தமான தண்ணீர் மட்டும் போதும்.

ஆக, எலி. பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ அந்தத் தடிமனுக்கு ஒரு எலி, குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வீட்டில் பொறியில் மாட்டிய எலியைப் போடவே கூடாது, எந்தத் தெருவில் எலி மருந்து தின்றுவிட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும். உயிருள்ள எலியை உள்ளே விட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். பசியில்லாத பாம்பின் முதுகைக் கடித்து எலும்பு தெரியக் குதறிவிடும் அந்த எலி. எலிக்கும் அது கொடுமைதான். வளர்ப்பு எலியை உறைய வைத்து, முந்தின நாள் ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து இளக்கி, வெந்நீரில் கவரோடு வைத்து வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் காட்டுவதுதான் முறை. பால் பைத்தானின் உதட்டில் சூட்டை உணரும் குழிகள் இருக்கின்றன, ஜில்லென்ற எலியை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இங்கேதான் நம் வீடுகளில் நிஜமான சிக்கல். தயிரும் மாவும் இருக்கிற ஃப்ரிட்ஜில் செத்த எலியை வைக்க எந்த அம்மா சம்மதிப்பார்? சம்மதிக்கக் கூடாது என்பதே என் கருத்து, ஊர்வன பலவற்றின் குடலிலும் எலியின் குடலிலும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர், தனி வாளி, தனி இடுக்கி, தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுவது என்று இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் பிறகு பாம்பைப் பற்றி யோசியுங்கள். இன்னொன்று, பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் இரை எடுக்காது. உடம்பு இளைக்காமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இளைக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது, சமையலறைத் தராசு போல ஒன்று தனியாக வாங்கி மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். முழுப் பட்டியலிலும் விலை குறைந்த, பலன் அதிகமான சாமான் அதுதான் என்பேன்.

அப்புறம் கரண்டு. கடலூர்க்காரர்களுக்கு 2011 டிசம்பர் 30 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தானே புயல் கரையேறி, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் ஏறியது. புயல் காலத்தில் சூடேற்றும் சாமான் நின்றுபோவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன், அப்போது வீட்டுக்குள் 24, 25 டிகிரி இருக்கும், வயிறு காலியாக உள்ள ஆரோக்கியமான பாம்பு சில நாள் அதில் சும்மா கிடக்கும். வயிறு காலியாக என்பதுதான் முக்கியம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அந்த வார இரையைத் தள்ளிப்போடுங்கள், தின்ற பிறகு சூடு போய்விட்டால் கக்கிவிடும், கக்கின பாம்பு தேற வாரங்கள் ஆகும். பெட்டி தரையில் இருந்தால் மேசை மேல் ஏற்றுங்கள். ஃப்ரீசரில் இருக்கும் எலி ஒருமுறை இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் புதைத்துவிடுங்கள். மே மாதப் பகலில் ஐந்து மணிநேரம் கரண்டு போவது இதைவிட ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக ஏசியை இழுக்காது. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் சாய்ப்பது, ஈரத் துணியைப் பாதி மூடிமேல் போடுவது, முடியாவிட்டால் காற்றோட்டமுள்ள துணிப்பையில் பாம்பை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் குளிர்ந்த தரைக்குப் போவது என்று முன்கூட்டியே ஒரு வழி வைத்திருக்க வேண்டும்.

டாக்டரைப் பாம்பு வாங்கும் முன்பே தேடி வையுங்கள். நாய், பூனை, மாடு பார்க்கிற நல்ல மருத்துவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் பாம்புக்கு எந்த மருந்தை எந்த அளவில், எந்தச் சூட்டில் வைத்துக் கொடுப்பது என்பது தனிப் பயிற்சி. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி, சுமார் 150 கிலோமீட்டர். மூச்சுத் திணறும் பாம்பை வெயில் காலத்தில் அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்பதற்கும் இப்போதே பதில் வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் எத்தனை வருஷம் என்ற கேள்வி இருக்கிறது. கார்ன் ஸ்நேக் 15, 20 வருஷம். பால் பைத்தான் 20, 30 வருஷம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டதே செய்தியாயிற்று. பிளஸ் டூ படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்குகிற பிள்ளை அடுத்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகும், பிறகு பெங்களூரிலோ துபாயிலோ வேலை, கல்யாணம். வரப்போகிறவருக்குப் பாம்பென்றால் பயமாக இருக்கலாம், வாடகை வீட்டுக்காரர் சம்மதிக்காமல் போகலாம். கடைசியில் எலியை வெந்நீரில் வைக்கிற வேலை அப்பா அம்மா தலையில் விழும். அவர்களிடம் இப்போதே கேளுங்கள், உண்மையாகவே சம்மதம்தானா என்று.

முடியாமல் போய்விட்டது என்றால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊசுடு ஏரிக்கரையிலோ கெடிலம் ஆற்றோரத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியில் வளர்ந்த பாம்பு பெரும்பாலும் வெளியே பிழைக்காது. பிழைத்தால் அது இன்னும் மோசம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்புநிலங்களில் வளர்ப்பவர்கள் கைவிட்டதும் தப்பித்ததுமான பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த முயலையும் ரக்கூன் என்னும் சிறு விலங்கையும் ஏறக்குறையத் துடைத்துவிட்டன, பல வருஷமாகப் பிடித்தும் தீரவில்லை. நீங்கள் விடும் பாம்பு எடுத்துவரும் நோயும் உண்ணியும் நம் சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் தொற்றலாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், பதிவு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நேரிலேயே போங்கள், உரிமைமாற்றத்தைப் பரிவேஷ் தளத்தில் முறைப்படி காட்டி, பெட்டி, தெர்மோஸ்டாட், நிறுத்து எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்தே அடுத்தவரிடம் கொடுங்கள்.